பிலிப்பைன்ஸ் சிறுகதைகளில் காதலும் ஏக்கமும்: ஒப்பிட்டு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸ் சிறுகதைகள் இரண்டை எடுத்துக்கொண்டு அவற்றில் காதலும் ஏக்கமும் எப்படி அமைந்திருக்கின்றன என்று எழுத முனைவோர் பலர், கதையைச் சுருக்கிச் சொல்வதையே ஒப்பீடு என்று நம்பிவிடுகிறார்கள். ஒருவன் ஒருத்தியை விரும்பினான், குடும்பமோ காலமோ குறுக்கே நின்றது, ஏக்கம் மட்டும் எஞ்சியது என்ற மூன்று வரிகளுக்குள் எந்தக் கதையையும் அடக்கிவிடலாம். அப்படி அடக்கிய பிறகு எல்லாக் கதைகளும் ஒரே கதையாகத்தான் தெரியும். அந்த ஏக்கத்தை நமக்குச் சொல்பவர் யார், அவர் எங்கே நின்று பார்க்கிறார், யாருக்குப் பேச வாய்ப்பே தரப்படவில்லை என்று கேட்காமல் விடுவதுதான் அடிப்படைத் தவறு என்பது என் எண்ணம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவை. எடுத்துக்காட்டுகளை 1925 முதல் 1950-கள் வரை வெளியான கதைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பிலிப்பைன்ஸ் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாகப் படிக்கப்படுபவை இவை என்பதால், தேய்ந்துபோன விளக்கங்களும் இவற்றின்மேல்தான் மிகுதியாகப் படிந்திருக்கின்றன.

பாத்திரத்தின் எண்ணத்தை ஆசிரியரின் தீர்ப்பாகக் கொள்வது

பாஸ் மார்க்கெஸ் பெனிட்டெஸ் எழுதி 1925-இல் வெளியான ‘டெட் ஸ்டார்ஸ்’ கதையிலிருந்துதான் ஆங்கிலவழிப் பிலிப்பைன்ஸ் சிறுகதையின் வரலாற்றைப் பலரும் தொடங்குவார்கள். அமெரிக்க ஆட்சி பொதுப் பள்ளிகளை நிறுவி ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது 1901-இல் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே தலைமுறைக்குள் இத்தகைய கதை வந்தது வியப்புக்குரியது. முப்பது வயதைக் கடந்த வழக்கறிஞர் ஆல்ஃபிரெடோ சலசார், எஸ்பெரான்சா என்ற பெண்ணுக்கு நெடுங்காலமாக நிச்சயிக்கப்பட்டவர். அந்த நிலையில் நீதிபதி ஒருவரின் வீட்டில் விருந்தினராக வந்திருக்கும் ஹூலியா சலாஸைச் சந்தித்து மனம் சாய்கிறார். இருந்தும் எஸ்பெரான்சாவையே மணக்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து, அலுவல் காரணமாக ஹூலியாவின் ஊருக்குப் போகும்போது அவளை மீண்டும் பார்த்து, இத்தனை காலமும் தான் பார்த்துக்கொண்டிருந்தது என்றோ அணைந்துபோன விண்மீன்களின் ஒளியை என்று உணர்கிறார்.

இந்தக் கதையைப் பற்றிய மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் ‘கடமைக்காகக் காதலைத் துறந்தவனின் துயரம்’ என்று தொடங்கும். கடமை, காதல் என்ற இந்த எதிர்நிலை ஆல்ஃபிரெடோ தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்பதைக் கதையே பல இடங்களில் காட்டுகிறது. புனித வாரத்து ஊர்வலத்துக்குப் பிந்திய உரையாடலில், செய்ய விரும்புவதற்கும் செய்தாக வேண்டியதற்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்ததுண்டா என்று அவர் ஹூலியாவிடம் கேட்கிறார். அவள் இல்லை என்கிறாள். அந்த மனிதன் தான் செய்ய வேண்டியதைப் பற்றி உறுதியாக இருக்கிறானா என்று அவள் திருப்பிக் கேட்கும்போது, ஒரு கட்டத்துக்கு மேல் நிகழ்வுகள் தம் பாரத்தாலேயே கீழ்நோக்கி ஓடுகின்றன என்ற வகையில் அவர் மழுப்புகிறார். பிறகு எஸ்பெரான்சாவுடன் நடக்கும் வாக்குவாதத்தில், தன்மீது சலிப்பு வந்துவிட்டதென்றால் அதை ஏன் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அவளே கேட்டுவிடுகிறாள். கதவைத் திறந்து வைத்தது அவள்; வெளியேறாமல் நின்றவர் இவர். இதைத் தியாகம் என்று எழுதினால், ஆல்ஃபிரெடோவின் சமாதானத்தை நாமும் கேள்வியின்றி வாங்கிக்கொண்டவர்கள் ஆகிறோம்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இதைப் பெரும்பாலோர் கடந்து போய்விடுகிறார்கள். அறிமுகமான நாளில் ஆல்ஃபிரெடோ ஹூலியாவை நீதிபதியின் தங்கை என்று எண்ணிக்கொண்டு, அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லியே அவளை அழைத்துக்கொண்டிருக்கிறார். அவள் நீதிபதியின் மைத்துனி. அவளுடைய குடும்பப் பெயர் வேறு. முதல் சந்திப்பிலேயே அவர் பார்த்த பெண் ஒருத்தி, எதிரில் இருந்த பெண் வேறொருத்தி. கதையின் இறுதியில் வரும் விண்மீன் உருவகத்தை ஒரு காலத்தில் உயிரோடிருந்த காதல் பின்னர் இறந்துவிட்டது என்று மட்டுமே படிப்பவர்கள், இந்தத் தொடக்கத்தையும் சேர்த்துப் படித்தால், அந்த ஒளி எப்போதாவது உண்மையில் இருந்ததா என்று கதை கேட்பதைக் காண்பார்கள். எட்டு ஆண்டுகளில் ஹூலியா என்ன நினைத்தாள், எஸ்பெரான்சா எப்படி வாழ்ந்தாள் என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படவில்லை. ஆல்ஃபிரெடோவின் கண் எட்டாத இடத்துக்குக் கதை போவதில்லை. பெண் எழுத்தாளர் ஒருவர் தெரிந்தே இட்ட வரம்பு அது.

இதனோடு ஒப்பிடத்தக்க கதை ஹோசே கார்சியா வில்லாவின் ‘ஃபுட்நோட் டு யூத்’. பதினேழு வயதிலேயே தெயாங்கை மணந்துகொள்ளும் தொதோங் என்ற உழவனின் கதை அது. பெரும்பகுதி தொதோங்கின் மனத்துக்குள்ளேயே நகர்கிறது என்றாலும், நடுவில் சில வரிகளுக்கு மட்டும் ஆசிரியர் தெயாங்கின் மனத்துக்குள் நுழைகிறார். தன்னை விரும்பிய லூசியோவுக்கு வயது கூடுதல் என்பதால் அவனை விட்டுத் தொதோங்கைத் தேர்ந்தவள் அவள். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று உடல் தளர்ந்த நிலையில், லூசியோவை மணந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்கிறாள். அதைக் கணவனிடம் சொல்லவும் இல்லை. அந்தச் சில வரிகள் மட்டும் இல்லையென்றால், கதை ஓர் இளைஞனின் அவசரத்தைப் பற்றிய எச்சரிக்கையாகச் சுருங்கியிருக்கும். ஆக, இவ்விரு கதைகளையும் ஒப்பிடுபவர் ‘இரண்டிலும் திருமணம் ஏமாற்றமாக முடிகிறது’ என்று எழுதுவதைவிட, மனைவியின் மௌனத்தை ஒருவர் எப்படிக் காத்தார், மற்றவர் எந்த இடத்தில் எவ்வளவு நேரத்துக்கு உடைத்தார் என்று எழுதினால் ஒப்பீட்டுக்குப் பொருள் கிடைக்கும்.

நிறைவேறியது, நிறைவேறாதது என்று இரண்டு பெட்டிகளில் அடைப்பது

காதல் கதைகளைத் திருமணத்தில் முடிந்தவை, முடியாதவை என்று பிரிப்பது எளிது. நிக் ஹுவாகினின் ‘மே டே ஈவ்’ கதையின் முன் இந்தப் பிரிப்பு உடனே தோற்றுப்போகிறது. 1847-ஆம் ஆண்டு மே மாதப் பிறப்பின் முந்திய இரவில், ஐரோப்பாவிலிருந்து திரும்பிய இளைஞன் பதோய், இருட்டறையில் மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் நின்று வருங்காலக் கணவனின் முகத்தைத் தேடும் அகுவேதாவைக் கண்டு சீண்டுகிறான்; அவள் அவன் கையைக் கடித்துவிட்டு ஓடுகிறாள்; அன்றிரவே அவன் அவள்மேல் காதல் கொள்கிறான். இருவரும் மணந்துகொள்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அன்று கண்ணாடியில் என்ன கண்டாய் என்று மகள் கேட்கும்போது, சாத்தானைக் கண்டதாக அகுவேதா சொல்கிறாள். 1890-இல், அதே கண்ணாடி முன் நிற்கும் பேரனிடம், தான் கண்டது ஒரு சூனியக்காரியை என்று முதியவர் பதோய் சொல்கிறார்.

விரும்பியதைப் பெற்றவர்களின் கதை இது. ஏக்கம் தோன்றுவதோ பெற்ற பிறகு, அதுவும் மனைவி இறந்த பிறகு. அகுவேதாவின் பேச்சில் கசப்பு மட்டுமே உள்ளது. பதோய்க்கு மட்டும் கசப்பை மீறி அந்த இரவு முழுதாகத் திரும்பி வருகிறது; அவர் அழுகிறார். ஏன் கிழவருக்கு அந்த அழுகையைக் கொடுத்த ஆசிரியர் அகுவேதாவுக்குக் கொடுக்கவில்லை என்ற கேள்வியை எழுப்பாத ஒப்பீடு குறைபட்டது. இதை ‘டெட் ஸ்டார்ஸ்’ கதையோடு வைத்துப் படித்தால், இரண்டு ஆண்களும் காலங்கடந்து விழிக்கிறார்கள் என்ற ஒற்றுமை தெரியும். ஒருவர் தான் காதலித்ததாக நினைத்தது பொய்யென்று அறிகிறார், மற்றவர் தான் வெறுத்ததாக நினைத்ததற்குள் காதல் இருந்ததென்று அறிகிறார் என்ற திருப்பமும் தெரியும். பெட்டிப் பிரிப்பு இந்த இரண்டையுமே மறைத்துவிடும்.

‘மே டே ஈவ்’ கதையை வைத்து நேரும் மற்றொரு பிழை காலத்தைப் பற்றியது. கதையின் காலம் 1847 என்பதால், அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மணிலாவின் காதல் வழக்கங்களுக்குச் சான்றாவணம்போல் சிலர் பயன்படுத்துகிறார்கள். கதை வெளியானது 1947-இல். போரில் மணிலாவின் பழைய மதில் நகரம் இடிந்து தரைமட்டமாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கற்பாவிய தெருக்களையும் இரவுக் காவலரின் குரலையும் அவ்வளவு ஆசையோடு ஆசிரியர் எழுதுவதில், அழிந்துபோன ஓர் ஊரின்மேல் கொண்ட ஏக்கமும் கலந்திருக்கிறது. கதைக்குள் இருக்கும் ஆண்டையும் கதை எழுதப்பட்ட ஆண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளாமல் ஒப்பிடத் தொடங்கக்கூடாது.

ஏக்கம் என்றால் ஆண்-பெண் ஏக்கம் என்று மட்டும் கொள்வது

பியென்வெனிதோ சான்டோஸின் ‘சென்ட் ஆஃப் ஆப்பிள்ஸ்’ கதையை நாடு பிரிந்த துயரத்தின் கதை என்று ஒரு சாராரும், காதல் கதை என்று மறு சாராரும் பிரித்துப் படிக்கிறார்கள். இரண்டையும் பிரித்தால் கதை கையில் நிற்காது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் பிலிப்பைன்ஸ் பற்றி உரையாற்ற வந்த கதைசொல்லியிடம், செலஸ்தினோ ஃபாபியா என்ற விவசாயி ஒரு கேள்வி கேட்கிறார்: நம் பெண்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறார்களா? கதைசொல்லி உடனே பதில் சொல்லாமல், எந்தப் பதில் இந்த மனிதரை நோகடிக்காது என்று எடைபோட்டு, மாற்றம் வெளித்தோற்றத்தில்தான் என்ற வகையில் விடை சொல்கிறார். ஒப்பீட்டுக் கட்டுரைகள் இந்தப் பதிலைப் பிலிப்பைன்ஸ் பெண்ணைப் பற்றிய சான்றாக மேற்கோள் காட்டுவதைப் பார்க்கலாம். கேட்பவரின் ஏக்கத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்ட பதில் அது என்பதைக் கதை அதே இடத்தில் சொல்லியிருக்கிறது.

மறுநாள் ஃபாபியா தம் பண்ணை வீட்டுக்குக் கதைசொல்லியை அழைத்துப் போகிறார். அங்கே அவருடைய அமெரிக்க மனைவி ரூத், மகன் ரோஜர், ஆப்பிள் வாசம், வறுமை. பிலிப்பைன்ஸ் உடை அணிந்த ஒரு பெண்ணின் பழைய நிழற்படமும் வீட்டில் இருக்கிறது. முகம் மங்கி அழிந்துவிட்டது. யார் என்று கேட்டால் ஃபாபியாவுக்கே தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன்பு சிகாகோவில் ஓர் அறையில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொண்டவர் அவர். தாயோ காதலியோ உறவுக்காரியோ இல்லாத, முகமே இல்லாத ஒரு பெண்ணின்மேல் நிலைத்த ஏக்கம் இது. இழந்த நாட்டுக்கு ஒரு பெண்ணுருவம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படத்துக்கு நேர் எதிரே ரூத் நிற்கிறாள். குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்த கணவனைக் கொட்டும் பனியில், கருவுற்ற நிலையில், சாலைவரை இழுத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தவள் அவள்; அவர் படுத்திருந்த நாள்களில் அங்கேயே துப்புரவு வேலை செய்தவள். ஃபாபியாவே இதைச் சொல்கிறார். ஏக்கம் ஒரு பக்கமும் அன்பு இன்னொரு பக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்க, முன்னதை மட்டும் பேசி ரூத்தை இரண்டு வரியில் கடந்து போகும் ஒப்பீடுகளையே நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். காதலும் ஏக்கமும் என்று தலைப்பிட்டுவிட்டு இரண்டையும் ஒன்றின் இரு பெயர்களாக நடத்துவதால் வரும் குறை இது.

ஃபிரான்சிஸ்கோ ஆர்செல்யானாவின் ‘தி மேட்ஸ்’ கதையும் இங்கே நினைக்கத்தக்கது. தெற்கே பயணம் போன தந்தை, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் நெய்த பாய் ஒன்று வாங்கி வருகிறார். இறந்துபோன மூன்று மகள்களுக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. காதல் என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை என்று ஒதுக்குபவர்கள், மனைவியின் முகத்தைப் பார்த்தபடியே அந்தத் தந்தை பேசும் இறுதிப் பகுதியை மறுபடி படிக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே தனியாக ஓர் இடர் உண்டு. பிரிவு, இருத்தல், இரங்கல் என்று ஏக்கத்தை நிலத்தோடு சேர்த்து வகுத்த மரபில் வளர்ந்தவர்கள், கடற்கரை வந்தவுடன் நெய்தல் என்றும் வயல் வந்தவுடன் மருதம் என்றும் எழுதிவிடத் துடிப்போம். அகத்திணைப் பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. இந்தக் கதைகளிலோ ஒருவருடைய குடும்பப் பெயரும் அவர் எந்த ஊர்க்காரர் என்பதும் கூலியும்தான் காதலின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒப்புமை மனத்தில் தோன்றுவதைத் தடுக்க முடியாது. கட்டுரையின் சட்டகமாக அதை ஆக்கினால் கதைகள் கைநழுவும்.

கூலியையும் சமூக வகுப்பையும் பின்னணி என்று ஒதுக்குவது

என்.வி.எம். கொன்சாலெஸின் ‘தி பிரெட் ஆஃப் சால்ட்’ கதையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், பக்கத்தில் வாழும் முதிய ஸ்பானியரின் உடன்பிறந்தார் மகள் ஐதாவை விரும்புகிறான். விடலைக் காதலின் ஏமாற்றம் என்று இதைச் சுருக்குவார்கள். பையனின் தாத்தா அந்த ஸ்பானியரின் தென்னந்தோப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் என்பது கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. தினமும் காலையில் பான்தெசால் என்ற ரொட்டி வாங்கப் போகும் வழியில் அவன் அந்தப் பெரிய வீட்டைக் கடந்து போகிறான். வயலின் வாசித்துப் பணம் சேர்த்து அவளுக்கு ஒரு பதக்க ஊசி வாங்க வேண்டும் என்பது அவன் கனவு. அந்தக் கனவிலேயே வகுப்பு இருக்கிறது: அவளை அடைவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, அவள் வீட்டு விருந்தில் கூலிக்கு இசைப்பது. விருந்தில் தன் வீட்டாருக்காக இனிப்புகளைச் சுற்றிச் சட்டைக்குள் ஒளிக்கும்போது ஐதா பார்த்துவிடுகிறாள். சற்றுக் காத்திருந்தால் பெரிய பொட்டலமாகவே கட்டித் தருவதாக அன்போடு சொல்கிறாள். அவள் ஏளனம் செய்திருந்தால் அவனுடைய காதல் ஒருவேளை பிழைத்திருக்கும். இரக்கம்தான் அவனை அவனுடைய இடத்தில் நிறுத்துகிறது. பசியும் காதலும் ஒரே பொட்டலத்துக்குள் வந்து சேர்ந்த இந்தக் காட்சியில் பொருளியலைப் பின்னணி என்று தள்ளிவிட்டால் சொல்வதற்கு மிச்சமில்லை.

இதற்கு நல்ல இணை, ஐதா ரிவேரா ஃபோர்டின் ‘லவ் இன் த கார்ன்ஹஸ்க்ஸ்’. முன்பு வேலை பார்த்த வீட்டின் எஜமானியைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வரும் தினாங்குக்கு, அஞ்சல் நிலையத்தில் ஒரு கடிதம் காத்திருக்கிறது. அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய இளைஞன் அமாதோ, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியது. சொல்லாமல் போனதற்குக் காரணத்தை அவன் அதில் விளக்கியிருக்கிறான். தினாங் இப்போது பகோபோ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஒருவரின் மனைவி. குழந்தையை ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டுச் சோளக்காட்டில் நின்று கடிதத்தைப் படித்துப் பழையதில் மூழ்கியிருக்கும்போது, குழந்தைக்கு அருகே சிறு பாம்பொன்று நெளிவதைக் கண்டு அலறிப் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள். கடிதம் சோளத்தோகைகளுக்கிடையே கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. தாய்மை காதலை வென்றது என்று இதன் முடிவைப் படிப்பது மிகப் பரவலான தவறு. அமாதோவின் ஆங்கிலமும் ஓட்டுநர் வேலையும் அவளுக்குக் காட்டிய வேறொரு வாழ்க்கையைக் கணக்கில் எடுத்தால், அவள் இழந்தது ஓர் ஆளை மட்டுமா என்று கேட்கத் தோன்றும். பாம்பு ஒரு கணத்தில் முடித்துவைத்ததைத் தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

வகுப்புப் படிநிலை எப்போதும் ஏங்குபவரைக் கீழேதான் வைக்கும் என்றும் முடிவு கட்டக்கூடாது. கெரிமா போலோட்டானின் ‘தி வர்ஜின்’ கதையில் ஏங்குபவள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறாள். தாய்க்குப் பணிவிடை செய்து, உறவுப் பெண்ணைப் படிக்கவைத்து, முப்பத்து நான்கு வயதை எட்டிய மிஸ் மிஹாரெஸ், வேலை தேடி வருபவர்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலர். அவள் மனத்தைக் கலைப்பவன் வேலை கேட்டு வந்த தச்சன். அதிகாரம் அவளிடம், நிதானம் அவனிடம். கடமைக்காகக் காத்திருந்தவரின் கதை என்ற தலைப்பில் இவளையும் ஆல்ஃபிரெடோவையும் சேர்த்து வைத்து எழுதலாம். ஆனால் ஆல்ஃபிரெடோவுக்கு இருந்த வசதியில் ஒரு துளியும் இவளுக்கு இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் கத்தோலிக்க மரபால் விளக்குவது

ஸ்பானிய ஆட்சி 1565 முதல் 1898 வரை நீடித்த நாடு என்பதால், கதையில் வரும் எந்தத் தயக்கத்துக்கும் எந்த அடக்கத்துக்கும் கிறித்தவ ஒழுக்கத்தையும், பிலிப்பைன்ஸின் தேசிய எழுத்தாளராகப் போற்றப்படும் ஹோசே ரிசாலின் 1887 நாவலில் வரும் மரியா கிளாரா என்ற நாயகியையும் காரணம் காட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. விளக்கம் தவறென்று சொல்ல வரவில்லை. எல்லாக் கதைக்கும் பொருந்துவதால் எந்தக் கதையையும் விளக்காமல் போய்விடுகிறது என்கிறேன். சட்டம் போன்ற திட்டமான செய்திகள் இதைவிடக் கூடுதலாக உதவும். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மனைவியின் பிறன்மனை உறவோ கணவனின் வைப்பு உறவோ நீதிமன்றத்தில் குற்றமாக நிறுவப்பட்டால் மட்டும் மணவிலக்கை அனுமதித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பு அந்த வழியையும் அடைத்தது. ‘டெட் ஸ்டார்ஸ்’ கதையில் ஆல்ஃபிரெடோ வழக்கறிஞர் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: எது திரும்பப் பெறக்கூடியது, எது கூடாதது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். நிச்சயத்தை முறிப்பது அவப்பெயர் தரும், அவ்வளவே. திருமணத்தை முறிப்பது கிட்டத்தட்ட இயலாதது. அவர் தயங்கியது முதல் கட்டத்தில்.

மேலும், தேவாலயத்தின் நிழலே படாத காதல் கதைகளும் அதே காலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. மனுவேல் அர்கில்யாவின் ‘மிட்சம்மர்’ கதையில் வறண்ட கோடையில் மாட்டு வண்டியோடு வரும் ஒருவனும் கிணற்றில் நீர் இறைக்க வரும் ஒருத்தியும் சந்திக்கிறார்கள். தாகமும் வெயிலும் உடலும் தவிர அங்கே வேறு பேச்சில்லை. இவரும் நாட்டின் வடபகுதியான இலோக்கோஸின் கிராமப்புறத்தைச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் எழுத்தாளர்தான்.

ஆங்கிலக் கதைகளையே பிலிப்பைன்ஸ் கதைகள் முழுவதும் என்று எண்ணுவது

தகலாக், செபுவானோ, இலோக்கானோ, ஹிலிகைனோன் என்று பல மொழிகளில் சிறுகதை வளர்ந்த நாடு அது. ஆங்கிலத்தில் கிடைப்பதை மட்டும் படித்துவிட்டுப் பிலிப்பைன்ஸ் காதல் என்று பொதுமைப்படுத்துவது, ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர்களின் காதலைப் பொதுமைப்படுத்துவதாகும். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது ஆங்கில எழுத்து ஒடுக்கப்பட்டதால் தகலாக் சிறுகதைக்குப் புதிய இடம் கிடைத்தது. 1943-ஆம் ஆண்டின் சிறந்த இருபத்தைந்து கதைகள் தேர்ந்து தொகுக்கப்பட்டன. மகாரியோ பினேடாவின் ‘சுயுவான் சா துபிகான்’ அந்தக் காலத்துக் கதை: ஊர் கூடி உழும் வயலில், பிலாங் என்ற பெண்ணின்மேல் விருப்பம் கொண்ட இளைஞர்களின் போட்டி, பேச்சைவிட ஏரோட்டும் வேகத்தில்தான் வெளிப்படுகிறது. தனிமையில் ஏங்கும் ஆல்ஃபிரெடோவை மட்டும் படித்தவருக்கு, ஊரே பார்த்திருக்க நடக்கும் இந்தக் காதல் புதிதாக இருக்கும்.

அதே 1943 தேர்வில் இரண்டாம் பரிசு பெற்ற லிவாய்வாய் ஆர்செயோவின் ‘உஹாவ் ஆங் திகாங் நா லூபா’ கதையை அர்கில்யாவின் ‘ஹவ் மை பிரதர் லியோன் பிராட் ஹோம் அ வைஃப்’ கதையோடு வைத்துப் படிக்குமாறு சொல்வேன். ஒன்று தகலாக், மற்றொன்று ஆங்கிலம். ஒன்று நகர்ப்புற வீட்டின் உள்ளறை, மற்றொன்று இலோக்கோஸ் வயல்வெளி. ஒன்று சாவில் முடிகிறது, மற்றொன்று வரவேற்பில். கருப்பொருள் பட்டியல் போடுபவர் இவ்விரண்டையும் இணைக்கவே மாட்டார். இரண்டிலும் கதை சொல்வது அந்த வீட்டின் இளம்பிள்ளை.

ஆர்செயோவின் கதையில் மகள், தன் தாய்க்கும் தந்தைக்கும் இடையே இல்லாத ஏதோ ஒன்றைச் சிறுவயதிலிருந்தே உணர்ந்து வளர்கிறாள். நாட்குறிப்பும் கடிதங்களும் வழியாகத் தந்தையின் மனம் வேறொரு பெண்ணிடம் இருந்ததை அறிகிறாள். மரணப் படுக்கையில் தந்தை அந்தப் பெண்ணை நினைத்துப் பேசும்போது, தாய் அவரைத் திருத்தாமல், அவர் கேட்க விரும்பிய சொல்லையே சொல்லுகிறாள். தாயின் ஏக்கம் பற்றித் தாய் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நாம் அறிவதெல்லாம் மகள் ஊகித்தது. அர்கில்யாவின் கதையில் சிறுவன் பால்தோ, நகரத்திலிருந்து அண்ணன் லியோன் மணந்து அழைத்துவரும் மரியாவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, தந்தையின் கட்டளைப்படி நெடுஞ்சாலையை விட்டு இருட்டில் வயல்வழியே வருகிறான். மருமகளுக்கு வைக்கப்பட்ட சோதனை அது. வீட்டுக்கு வந்ததும் தந்தை பால்தோவைத் தனியே கூப்பிட்டு, லாபாங் என்ற காளையைக் கண்டு அவள் பயந்தாளா என்று கேட்கிறார். அவளுடைய கண்கள் அந்த நீண்ட கொம்புகளின்மேல் நிலைத்திருந்ததும், அண்ணன் அவள் தோளை அணைத்திருந்ததும் பால்தோவின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவன் இல்லை என்கிறான்.

இதை இனிய காதல் கதை என்று மட்டும் படிப்பவர்கள் சிறுவனின் இந்த மறுப்பைக் கவனிப்பதில்லை. லியோனும் மரியாவும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பு கதை தொடங்கும் முன்பே முடிவான செய்தி. கதைக்குள் புதிதாக நிகழ்வது பால்தோவுக்கு அவள்மேல் பிறக்கும் பிரியம், அதற்காக அவன் தந்தையிடம் சொல்லும் சிறு பொய். ஆர்செயோவின் தாய் சாகும் கணவனுக்குச் சொன்னதும் அத்தகைய பொய்தான். ஒப்பீட்டை இந்த இரண்டு பொய்களிலிருந்து தொடங்கினால், தகலாக் கதையில் பொய் சொல்பவளைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆங்கிலக் கதையில் பிள்ளையே பொய் சொல்கிறது என்ற வேறுபாட்டுக்கும், அதிலிருந்து யாருடைய ஏக்கம் கடைசிவரை சொல்லப்படாமலே நிற்கிறது என்ற கேள்விக்கும் போக முடியும். ஆர்செயோவின் கதையில் அந்த இடத்தில் தாய் இருக்கிறாள், அர்கில்யாவின் கதையிலோ வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் தன்னை ஏற்பார்களா என்ற கவலையோடு வரும் மரியா இருக்கிறாள்.